நரையும் முறையும்: அரசுப் பணியில் ஓய்வு வயதின் அறம்

உடல் நலமும் தெளிந்த அறிவும் குன்றாத ஓர் அரசுப் பணியாளரை, குறிப்பிட்ட ஒரு வயதை எட்டிவிட்டார் என்ற ஒரே காரணத்துக்காகப் பணியிலிருந்து விலக்க அரசுக்கு உரிமை உண்டா என்பது, பார்வைக்கு நிர்வாக விதி பற்றிய கேள்வியாகத் தோன்றினாலும், அறவியலுக்குள் வைத்தே விடை தேட வேண்டிய கேள்வி. வயது முதிர்வு ஓய்வு என்று விதிகள் குறிப்பிடும் இந்த ஏற்பாடு, ஒழுங்கு நடவடிக்கையின் முடிவில் தண்டனையாக விதிக்கப்படும் கட்டாய ஓய்விலிருந்து வேறானது. ஐம்பது அல்லது ஐம்பத்தைந்து வயதைக் கடந்தவர்களின் பணிப் பதிவேட்டை ஆராய்ந்து, பொதுநலன் கருதி அவர்களில் சிலரை முன்கூட்டியே அனுப்ப மத்திய அரசுக்கு இடமளிக்கும் அடிப்படை விதி 56(ஜே)யிலிருந்தும் வேறானது. அவ்விரண்டும் தனி மனிதரின் குறை நிறைகளை எடைபோடுபவை. வயது முதிர்வு ஓய்வோ எவரையும் எடைபோடாமல் எல்லோரையும் ஒரே வாசலில் நிறுத்துவது.

இந்த வாசல் கடந்த அறுபது ஆண்டுகளில் பெரும்பாலும் ஒரே திசையில்தான் நகர்ந்திருக்கிறது. மத்திய அரசுப் பணியாளர்களின் ஓய்வு வயது 1962இல் 55இலிருந்து 58ஆகவும், 1998இல் 60ஆகவும் உயர்ந்தது. தமிழ்நாட்டில் நெடுங்காலம் 58ஆக இருந்த வயது, கொரோனா நெருக்கடியின் நடுவே 2020 மே மாதம் 59ஆகவும், அடுத்த ஆண்டிலேயே 60ஆகவும் மாற்றப்பட்டது. ஒவ்வோர் உயர்வின்போதும் அனுபவம் வீணாகக் கூடாது, மனித ஆயுள் நீண்டுவிட்டது என்ற இரண்டு காரணங்கள் சொல்லப்பட்டன. ஓய்வுபெறுவோருக்கு ஒரே நேரத்தில் தர வேண்டிய பணிக்கொடையும் பிற பணப்பயன்களும் சில காலம் தள்ளிப்போகும் என்ற மூன்றாவது பயன் அவ்வளவு உரக்கச் சொல்லப்படவில்லை. இந்தப் போக்குக்கு எதிராக, 58 அல்லது அதற்கும் சற்று முந்திய ஒரு வயதில் அரசுப் பணி முடிந்துவிட வேண்டும் என்று வாதிடுவோர், தங்கள் வாதத்தை எந்த அடித்தளத்தின் மேல் கட்டுகிறார்கள் என்பதில் மிகுந்த கவனம் கொள்ள வேண்டியிருக்கிறது.

ஏனெனில் அந்த வாதத்துக்கு எளிதில் கைக்கு எட்டும் அடித்தளம் பொய்யானது. வயது ஏற ஏறத் திறமை குறைகிறது, ஐம்பத்தைந்தைக் கடந்தவர் புதிய முறைகளைக் கற்க மாட்டார், கணினியைக் கண்டு அஞ்சுவார் என்றெல்லாம் அடுக்கப்படும் காரணங்கள் மூத்த பணியாளர்களை இழிவுபடுத்துவதோடு, உண்மையின் சோதனைக்கும் நிற்காதவை. நில ஆவணங்களின் முப்பது ஆண்டு வரலாற்றை நினைவில் வைத்திருக்கும் வருவாய்த் துறை ஊழியருக்கும், பேறுகாலச் சிக்கலைக் கண் பார்த்த மாத்திரத்தில் உணரும் மூத்த செவிலியருக்கும் ஈடாக நேற்றுப் பணியில் சேர்ந்தவர் நிற்க முடியாது. 1951ஐ ஒட்டிய காலத்தில் 32 ஆண்டு அளவில் இருந்த இந்தியரின் சராசரி ஆயுள் இன்று 70 ஆண்டு அளவில் இருக்கும்போது, 58 வயதை முதுமை என்று சொல்லவும் முடியாது. ஆகவே திறமைக் குறைவின் பேரில் முன்கூட்டிய ஓய்வை நியாயப்படுத்துவோர், திறமை குறையாத ஒரே ஒரு முதியவரைக் காட்டியவுடன் தோற்றுவிடுகிறார்கள். ஓய்வின் நியாயம் வேறோர் இடத்தில் இருக்கிறது. அந்த இடத்தை இந்திய மரபின் மூன்று பழைய சான்றுகள் வியக்கத்தக்க ஒற்றுமையோடு சுட்டிக்காட்டுகின்றன.

முதலாவது, தமிழ் வாசகர் நன்கு அறிந்த கம்பராமாயணம். அயோத்தியா காண்டத்தின் தொடக்கத்தில், மந்திரப் படலத்தில், தசரதன் முடி துறக்கும் எண்ணத்துக்கு வருவதற்குக் காரணமாகக் காட்டப்படுவது போர்க்களத் தோல்வியோ நோயோ குடிமக்களின் முறையீடோ இல்லை. காதருகே வெளுத்த ஒற்றை மயிர். அரசை மகனிடம் தந்துவிட்டுத் தவம் செய்யும் பருவம் வந்துவிட்டது என்று காதோடு சொல்ல வந்ததுபோல் அந்த நரை தோன்றியதாகக் கம்பர் கற்பனை செய்கிறார். இரண்டாவது, பௌத்தரின் பாலி மரபில் மஜ்ஜிம நிகாயத்திலும் ஜாதகக் கதைகளிலும் இடம்பெறும் மகாதேவன் என்ற மிதிலை மன்னனின் வரலாறு. தலையில் முதல் நரையைக் கண்டால் தனக்குச் சொல்ல வேண்டும் என்று முடிதிருத்துபவரிடம் ஆணையிட்டிருந்த அம்மன்னன், அந்தச் செய்தி வந்த நாளில் அவருக்கு ஓர் ஊரைப் பரிசாக அளித்து, மூத்த மகனை அரியணையில் அமர்த்திவிட்டுத் துறவு பூண்டான். அவனுடைய வழித்தோன்றல்களும் அதே வழக்கத்தைத் தலைமுறை தலைமுறையாகப் பின்பற்றினர். மூன்றாவது, வாழ்நாளை நான்கு நிலைகளாகப் பகுக்கும் ஆசிரமக் கொள்கை. அதன் மூன்றாம் நிலையான வானப்பிரத்தம், அதாவது இல்லற வாழ்வின் பொறுப்புகளிலிருந்து விலகிக் காட்டை நாடும் நிலை, எப்போது தொடங்க வேண்டும் என்று மனுவின் நூல் வரையறுக்கும்போது, தோலில் சுருக்கமும் தலையில் நரையும் தோன்றுவதோடு, பிள்ளைக்குப் பிள்ளை பிறந்திருப்பதையும் அடையாளமாகச் சேர்க்கிறது. அந்த நூல் வகுத்த வாழ்க்கைத் திட்டம் மேல் வருணத்து ஆண்களை மட்டும் மனத்தில் கொண்டது என்பதையும், அதன் சாதி ஏற்பாடுகள் இன்று எவ்வகையிலும் ஏற்கத்தக்கவை அல்ல என்பதையும் சொல்லாமல் அதைச் சான்று காட்டுவது நேர்மையாகாது. ஆயினும் இங்கே கவனத்துக்குரியது அந்தப் பேரப்பிள்ளை அடையாளம்தான்.

ஏனென்றால் பேரப்பிள்ளையின் பிறப்பு முதியவரின் உடலைப் பற்றி எதுவும் சொல்வதில்லை. அது அவருக்குப் பின்னால் வந்தவர் முழு மனிதராகிவிட்டார், குடும்பம் தாங்கும் நிலைக்கு வந்துவிட்டார் என்பதை மட்டுமே சொல்கிறது. தசரதனின் ஒற்றை நரையும் தளர்ச்சியைக் காட்டவில்லை. அந்த மன்னனின் மகன் ஆளத் தகுந்த பருவத்தை அடைந்திருந்தான் என்பதே அந்த நரைக்குப் பொருள் தந்தது. இம்மூன்று சான்றுகளும் விலகும் நேரத்தைத் தீர்மானிக்கும் அளவுகோலை விலகுபவரின் இயலாமையில் வைக்காமல், அடுத்து வருபவரின் ஆயத்தத்தில் வைக்கின்றன. தன்னால் இன்னும் உழைக்க முடியும் என்று ஓய்வு வயதை எதிர்ப்பவர் சொல்வது உண்மையாக இருக்கும்போதே அது வாதத்துக்கு வெளியே நிற்பதன் காரணம் இதுதான்: அவரால் முடியுமா என்று யாரும் கேட்கவில்லை. அவர் வகிக்கும் இடத்தில் மற்றொருவருக்கும் முறை உண்டா என்பதே கேள்வி.

இதற்கு எதிராக வலுவான ஒரு தடை எழுப்பப்படலாம். தசரதனும் மகாதேவனும் தாமாக விலகினர். தாமாக விலகியதால்தான் அந்தச் செயலுக்கு அறத்தின் மதிப்பு வந்தது. அதையே அரசாணை மூலம் கட்டாயமாக்கினால் விலகுபவருக்கும் பெருமை இல்லை, விலக்குபவருக்கும் நியாயம் இல்லை என்பது அந்தத் தடை. இதற்கு விடை சொல்ல, துறவு என்பதையும் இடம் விடுதல் என்பதையும் பிரித்துப் பார்க்க வேண்டும். துறவு மனத்தின் செயல், பற்றை விடுவது, அதை எந்தச் சட்டத்தாலும் கொடுக்க முடியாது. இடம் விடுதல் என்பது பொதுவுடைமையான ஒன்றைத் தன் காலம் முடிந்ததும் பொதுவிடமே திருப்பித் தருவது; அதைச் சட்டம் கேட்கலாம். மன்னர்களுக்கு அரியணை பரம்பரைச் சொத்தாக இருந்ததால் அவர்கள் அதைத் துறக்க வேண்டியிருந்தது. வட்டாட்சியரின் நாற்காலியோ தலைமையாசிரியரின் நாற்காலியோ எவருடைய சொத்தும் இல்லை. அது மக்களின் வரிப்பணத்தில் மக்களுக்காக ஏற்படுத்தப்பட்டு, ஒருவரிடம் சில காலத்துக்கு நம்பி ஒப்படைக்கப்பட்டது. மகாதேவனின் கதையே இன்னொன்றையும் சொல்கிறது: அந்த மரபின் பிற்காலத்து அரசனான நிமியின் மகன் களார சனகன் துறவு கொள்ளாமல் போனதால், எண்ணற்ற தலைமுறைகள் காத்த வழக்கம் ஒரே மனிதரோடு அறுந்தது. தனி மனிதரின் மனப்பக்குவத்தை மட்டுமே நம்பியிருக்கும் ஏற்பாட்டுக்கு அந்த ஆபத்து என்றும் உண்டு, பல லட்சம் பேர் பணிபுரியும் அமைப்பு அதை ஏற்க முடியாது.

முறை என்ற இந்தக் கருத்தை மேலை மரபில் தெளிவாக எடுத்துரைத்தவர் அரிஸ்டாட்டில். தம்முடைய அரசியல் நூலின் ஏழாம் பகுதியில், இளமையில் படைத்தொழிலும் முதிர்ச்சியில் ஆலோசனைப் பொறுப்பும் ஒரே மக்களுக்கு வெவ்வேறு காலங்களில் தரப்பட வேண்டும் என்கிறார். தமக்கும் அந்த வயதில் அந்த இடம் வரும் என்று தெரிந்தவர் இன்று பிறருக்குக் கீழ்ப்படிவதை இழுக்காகக் கருத மாட்டார் என்பது அவர் தரும் காரணம். ஸ்பார்ட்டாவின் முதியோர் அவை உறுப்பினர்கள் ஆயுள் முழுதும் பதவியில் நீடித்ததை அதே நூலில் அவர் கடிந்துரைக்கவும் செய்கிறார். நம் காலத்தில் அமெரிக்கத் தத்துவ அறிஞர் நார்மன் டேனியல்ஸ் இக்கருத்தை வேறொரு வகையில் வளர்த்தெடுத்தார். சாதியாலோ நிறத்தாலோ பாலினத்தாலோ ஒருவரைப் பிறரிடமிருந்து வேறுபடுத்தி நடத்தினால், அந்த வேறுபாடு அவர் வாழ்நாள் முழுதும் தொடர்கிறது. வயதால் வேறுபடுத்தும் ஒரு விதி மாறாமல் நிலைத்து நின்றால், எல்லோரும் எல்லா வயதையும் கடந்து செல்வதால், முழு வாழ்நாளைக் கணக்கில் கொள்ளும்போது அந்த விதி எல்லோரையும் சமமாகவே நடத்தியிருக்கும் என்பது அவர் காட்டும் நுட்பம். மாசசூசெட்ஸ் மாநிலக் காவல்துறையினர் 50 வயதில் கட்டாயமாக ஓய்வுபெற வேண்டும் என்ற விதியை 1976இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஏற்றபோது, முதுமை என்பது இயல்பான ஆயுள் பெற்ற ஒவ்வொருவரும் எட்டும் நிலையே என்று குறிப்பிட்டதும் இந்தச் சிந்தனைக்கு மிக அருகில் வருகிறது. ஓர் இளைஞர் இருபத்தைந்து வயதில் பெற்ற வாய்ப்பு, அவருக்கு முந்திய ஒருவர் ஐம்பத்தெட்டு வயதில் விலகியதால் கிடைத்தது. தம் ஐம்பத்தெட்டாம் வயதில் அவர் அதே வாய்ப்பை மற்றொருவருக்கு மறுத்தால், பெற்றதைத் தராத குற்றத்துக்கு ஆளாகிறார்.

பொருளியல் அறிஞர்கள் இங்கே ஒரு மறுப்பைக் கொண்டுவருவது வழக்கம். ஒரு நாட்டின் மொத்த வேலைகள் மாறா எண்ணிக்கை கொண்டவை என்று எண்ணுவது பிழை, முதியவர் வேலையில் நீடிப்பதால் இளைஞரின் வேலை பறிபோவதில்லை, இருவரின் உழைப்பும் செலவும் சேர்ந்தே புதிய வேலைகள் உருவாகின்றன என்பது அவர்கள் வாதம். சந்தைப் பொருளாதாரம் முழுவதையும் நோக்கும்போது அதில் உண்மை உண்டு. ஆனால் அரசுத் துறையில் ஒப்பளிக்கப்பட்ட பணியிடங்கள், அதாவது நிதித் துறையின் இசைவோடு எண்ணிக்கை வரையறுக்கப்பட்ட பணியிடங்கள் மட்டுமே உண்டு. ஒருவர் விலகினால் அன்றி மற்றொருவர் நுழைய இடமில்லை, மேலே ஒருவர் ஓய்வுபெற்றால் அன்றிக் கீழே நால்வருக்குப் பதவி உயர்வு நகராது. தமிழ்நாடு அரசுப் பணியாளர் தேர்வாணையம் 2022இல் நடத்திய குரூப் 4 தேர்வுக்கு முதலில் அறிவிக்கப்பட்ட இடங்கள் 7,301; விண்ணப்பித்தோர் 22 லட்சத்துக்கும் மேற்பட்டோர். ஓய்வு வயதை ஈராண்டு உயர்த்தும் ஓர் ஆணை, அந்தப் பெருங்கூட்டத்தின் முன்னால் ஈராண்டுக்கு ஒரு கதவைச் சாத்துகிறது. அந்த ஈராண்டில் சிலர் விண்ணப்பிக்கும் வயது வரம்பைக் கடந்துவிடுவார்கள். அவர்களுக்கு அது திரும்ப வராத காலம். பணியில் இருப்பவருக்கு நீட்டிக்கப்படும் இரண்டு ஆண்டுகளையும், பணிக்கு வெளியே காத்திருப்பவரிடமிருந்து கழிக்கப்படும் இரண்டு ஆண்டுகளையும் ஒரே எடையாகக் கருதுவது நியாயமாகாது: முன்னவர் முப்பது ஆண்டு உண்டவர், பின்னவர் இன்னும் இலை முன் அமராதவர்.

முன்கூட்டிய பொது எல்லைக்கு ஆதரவாகச் சொல்லத்தக்க இன்னொரு காரணம், விலகுபவரின் மானத்தைப் பற்றியது. ஓய்வு வயதையே நீக்கிவிட்டு, உழைக்க இயலும் வரை உழைக்கலாம் என்று விட்டால், இயலாமை எப்போது வந்தது என்று யாரோ ஒருவர் தீர்ப்பளிக்க வேண்டியிருக்கும். நாற்பது ஆண்டு உழைத்த ஒருவரிடம், அவர் இனிப் பயன்பட மாட்டார் என்று மேலதிகாரி எழுத்தில் சொல்ல நேரும். அந்தத் தீர்ப்பில் விருப்பு வெறுப்பும் சாதியும் அரசியலும் கலக்காது என்று எவரும் உறுதி கூற முடியாது. எல்லோருக்கும் பொதுவான, எவர் முகத்தையும் பார்க்காத வயது எல்லை அந்த அவமானத்திலிருந்து மூத்தவர்களைக் காக்கிறது. விழா எடுத்து மாலையிட்டு அனுப்பப்படும் ஒருவரிடம் எந்தக் குறையும் சுமத்தப்படுவதில்லை. அதோடு, தாம் விலகும் நாள் எது என்று திட்டவட்டமாகத் தெரிந்த அதிகாரி எவருக்கும் தலைவணங்கத் தேவையில்லாதவர். பணி நீட்டிப்பும், ஓய்வுக்குப் பின் மறுநியமனமும் ஆட்சியாளரின் விருப்பப்படி சிலருக்கு மட்டும் கிடைக்கும் சலுகைகளாக மாறும்போது, அந்தச் சலுகையை எதிர்நோக்கும் உயர் அதிகாரிகளின் கடைசி ஆண்டுகள், துணிந்து மறுப்பு எழுத வேண்டிய கோப்புகளில் மௌனம் காக்கும் ஆண்டுகளாகிவிடுகின்றன. அந்த நீட்டிப்புகள், எவர் பொருட்டும் தளராமல் இருக்க வேண்டிய விதியையே மானத்துக்கு எதிரானதாக்கிவிடுகின்றன.

இந்த விவாதம் பெரும்பாலும் மேசைப் பணியில் இருப்போரின் குரலிலேயே நடக்கிறது என்பதும் வருந்தத்தக்கது. கழிவுநீரோடும் குப்பையோடும் உழல்பவருக்கும், பளு தூக்கும் பணியாளருக்கும், இரவுப் பணியில் நின்றே கழிக்கும் செவிலியருக்கும், அறுபது வரை நீளும் பணிக்காலம் சலுகையாகத் தோன்றுமா என்று அவர்களைக் கேட்டுத்தான் அறிய வேண்டும். 1998க்கு முன் மத்திய அரசில் மற்றவர்கள் 58 வயதில் ஓய்வுபெற்றபோது, நான்காம் நிலைப் பணியாளர்கள் 60 வரை பணியில் இருந்தனர்; உடலால் உழைப்பவரே நெடுநாள் உழைக்கும் அந்த ஏற்பாடு, குறைந்த ஊதியமும் அதனால் விளையும் குறைந்த ஓய்வூதியமும் கொண்டோருக்கு இரண்டு ஆண்டுச் சம்பளம் பெரிய பொருளாக இருந்ததைத்தான் காட்டுகிறது. வறுமையால் விரும்பப்படும் உழைப்பை உரிமை என்று பெயரிட்டுக் கொண்டாட இயலாது. வானப்பிரத்தக் கொள்கையில் எல்லா மக்களுக்கும் உரியதாக்கத் தகுந்த ஒரு கருத்து உண்டென்றால், வாழ்வின் ஒரு பகுதி, ஆற்றல் முழுதும் வற்றிவிடும் முன்பே, பிழைப்புக்கான உழைப்பிலிருந்து விடுதலை பெற்றுக் கற்றலுக்கும் சிந்தனைக்கும் பிறர் நலத்துக்கும் உரியதாக வேண்டும் என்பதே அது. தொல்காப்பியமும் கற்பியலில், காதல் வாழ்வு நிறைவுற்ற காலத்தில் தலைவனும் தலைவியும் மக்களும் சுற்றமும் சூழ அறம் புரிந்து சிறந்ததைப் பயிலுவதை இல்வாழ்வின் பயனாகக் காட்டுகிறது. அங்கே காட்டுக்குப் போக வேண்டிய தேவையும் இல்லை. பணியில் அறுபதையோ அறுபத்திரண்டையோ எட்டி, மூட்டு வலியோடும் சர்க்கரை நோயோடும் வீடு திரும்புபவருக்கு அந்தப் பயன் எட்டாமலே போகக்கூடும்.

முன்கூட்டிய ஓய்வின் நியாயம் முறையில் அடங்கியிருக்கிறது என்றால், அந்த நியாயத்தின் எல்லைகளும் அதே முறையிலிருந்தே பிறக்கின்றன. இதற்கு ஆந்திரப் பிரதேசத்தின் அனுபவத்தைவிடத் தெளிவான பாடம் வேறில்லை. 1983 ஜனவரியில் ஆட்சிக்கு வந்த என்.டி. ராமராவ் அரசு, ஒரு மாதத்துக்குள், பிப்ரவரி 8ஆம் நாள் ஓர் ஆணை பிறப்பித்து ஓய்வு வயதை 58இலிருந்து 55ஆகக் குறைத்தது. பிப்ரவரி 28ஆம் நாளோடு அரசுப் பணியாளர்கள் 18,000 பேருக்கு மேலும், பொதுத்துறை நிறுவனங்களில் 10,000 பேர் அளவிலும் பணியிழந்தனர். இளைஞருக்கு வேலையும் கீழ்நிலைப் பணியாளருக்குப் பதவி உயர்வும் கிடைக்கும் என்ற நோக்கத்தை ஏற்று, அந்தக் குறைப்பு அரசியல் சட்டத்துக்கு முரணானது அல்ல என்று உச்ச நீதிமன்றம் 1985 ஜனவரியில் தீர்ப்பளித்தது. ஆனால் அந்தத் தீர்ப்பு வருவதற்குள், 1984 ஆகஸ்டிலேயே ஓய்வு வயது மீண்டும் 58ஆக உயர்த்தப்பட்டிருந்தது. இடைப்பட்ட பதினெட்டு மாதங்களில் வெளியேற்றப்பட்டவர்கள் மட்டும் அந்தப் பயனுக்கு வெளியே விடப்பட்டனர். 58ஐ எட்டாத அவர்களுக்கும் அது உரியது என்று நிலைநாட்ட மற்றொரு வழக்கும் உச்ச நீதிமன்றத்தின் மற்றொரு தீர்ப்பும் தேவைப்பட்டன.

ஆந்திர அரசு கூறிய நோக்கம் சரியானது, வழி அநீதியானது என்று சொல்வதே பொருத்தம். டேனியல்ஸ் காட்டிய சமத்துவம், விதி நிலைத்து நின்றால் மட்டுமே கைகூடும். ஒரு தலைமுறை 58 வரை பணியாற்ற, அடுத்தது 55இல் அனுப்பப்பட, அதற்கடுத்தது மீண்டும் 58ஐ அடையுமானால், நடுவில் அகப்பட்டவர்கள் எந்த முறையிலும் சேராதவர்களாகிவிடுகிறார்கள். வீட்டுக் கடனும் மகளின் படிப்பும் 58ஆம் வயதைக் கணக்கிட்டு ஏற்கப்பட்டிருக்க, இருபது நாள் அவகாசத்தில் அந்தக் கணக்கைக் குலைக்கும் அரசு, தானே அளித்த வாக்கை மீறுகிறது. 2012இல் அங்கேரி அரசு நீதிபதிகளின் ஓய்வு வயதை 70இலிருந்து 62ஆக ஒரே வீச்சில் இறக்கியபோது, ஐரோப்பிய ஒன்றியத்தின் நீதிமன்றம் அதை ஏற்க மறுத்ததும், மாற்றத்தின் திடீர்த்தன்மை அதன் நோக்கத்தோடு பொருந்தாத அளவுக்குக் கடுமையானது என்பதால்தான்.

ஓய்வூதியமும் இந்த நியாயத்தின் பிரிக்க முடியாத பகுதி. ஓய்வூதியம் அரசு மனமிரங்கித் தரும் கொடை அல்ல, பணியாளர் உழைத்து ஈட்டிய உரிமை என்று 1982 டிசம்பரில் நகாரா வழக்கில் உச்ச நீதிமன்றம் கூறியது. ஒருவரை உழைக்கும் ஆற்றல் இருக்கும்போதே விலகச் சொல்லும் அரசு, அவர் அந்த ஆற்றலால் ஈட்டியிருக்கக்கூடியதற்கு ஈடான பாதுகாப்பைத் தரக் கடமைப்பட்டது. தமிழ்நாட்டில் 2003 ஏப்ரல் 1 முதல் பணியில் சேர்ந்தவர்களுக்குப் பழைய ஓய்வூதியத்துக்குப் பதிலாகப் பங்களிப்பு ஓய்வூதியத் திட்டம் நடைமுறைக்கு வந்தபின், ஓய்வு வயதைக் குறைக்கும் எந்தப் பேச்சும் பணியாளர்களிடம் அச்சத்தையே எழுப்புகிறது. அந்த அச்சம் நியாயமானது. காலியாகும் இடங்களை நிரப்புவதிலும் அரசுக்கு இதே அளவு கடமை உண்டு. ஒருவர் விலகிய நாற்காலி இரண்டு மூன்று ஆண்டுகள் வெறுமையாகக் கிடந்தாலோ, வெளிமுகமை வழியாகத் தொகுப்பூதியத்தில், எந்த உரிமையும் இல்லாத ஒருவரைக் கொண்டு நிரப்பப்பட்டாலோ, அடுத்தவருக்கு முறை வந்தது என்று சொல்லி மூத்தவரை எழுப்பிய அரசு அவரை ஏமாற்றியதாகிறது. வெளியே காத்திருந்த இளைஞரையும் ஏமாற்றியதாகிறது.

இத்தகைய மாற்றத்தை எவருக்கும் தீங்கின்றிச் செய்யும் வழியொன்றைக் கேரளம், எதிர்த்திசையிலான ஒரு மாற்றத்தின்போது காட்டியிருக்கிறது. அங்கே 2012இல் ஓய்வு வயது 55இலிருந்து 56ஆக ஓர் ஆண்டு மட்டும் உயர்ந்ததற்கே இளைஞர் அமைப்புகள் தெருவில் இறங்கிப் போராடின. 2022இல் பொதுத்துறை நிறுவனங்களில் அதை 60ஆக்கிய ஆணை, எதிர்ப்புக்குப் பின் சில நாட்களிலேயே நிறுத்திவைக்கப்பட்டது. நாட்டிலேயே மிக நீண்ட ஆயுள் கொண்ட மாநிலங்களுள் ஒன்றான அது, இவ்வளவு குறைந்த ஓய்வு வயதைக் காத்து நிற்பது, ஆயுள் நீட்சியும் பணி நீட்சியும் ஒன்றோடொன்று பிணைக்கப்பட வேண்டியவை அல்ல என்பதற்கே சான்று. அதே மாநிலம் 2013 ஏப்ரல் 1 முதல் புதிய ஓய்வூதியத் திட்டத்தில் சேர்ந்தவர்களுக்கு 60 வயது என்று வகுத்தபோது, ஏற்கெனவே பணியில் இருந்தவர்களுக்கான எல்லையை அதனோடு கலக்கவில்லை. வயதைக் குறைக்க விரும்பும் அரசும், குறிப்பிட்ட ஒரு நாளுக்குப் பின் பணியேற்போருக்கு மட்டும், நியமன ஆணையிலேயே அந்த எல்லையை எழுதித் தரலாம். அப்போது 58ஆம் வயதில் எழுந்து செல்பவர், முப்பது ஆண்டுகளுக்கு முன் தாமே படித்துக் கையெழுத்திட்ட ஒரு வாக்கை நிறைவேற்றுபவராக இருப்பார்.